தேவன் அண்ணை மூடவிடாத மனுக்கள்

தேவன் அண்ணை இறந்துவிட்டார். நேற்றுக் காலை, ஹவுன்ஸ்லோவில், அவருடைய தங்கச்சி வீட்டில்.

வாட்ஸப்பில் செய்தி வந்தபோது நான் ரெய்னர்ஸ் லேனில் மீன் கடை வரிசையில் நின்றேன். மீனையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்... அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. லண்டனுக்கு வருவதற்கு முன் வடக்கே ஒரு பாராளுமன்றத்தில் எட்டு வருடம் வேலை செய்தேன், அங்கே அவர் பக்கத்து மேசை. எந்தப் பாராளுமன்றம் என்று கேட்காதீர்கள், என் பென்ஷன் இன்னும் அவர்கள் கையில்.

அதிகாரப் பகிர்வு... ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தோம், அதன் பெயரால் செத்தவர்களின் வீடுகளையும் தெரியும். நான் அதை இந்தப் பாராளுமன்றத்தில்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். புதன்கிழமை காலை, ஏழு உறுப்பினர்கள், ஒரு தட்டு பிஸ்கட், பள்ளிக்கூடச் சாப்பாட்டில் உப்பு கூடவா என்று ஒன்றரை மணித்தியாலம்.

யுத்தத்தையும் பாஸ்போர்ட்டையும் லண்டன் பார்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி, பஸ், முதியோர் இல்லம், நடைபாதையில் நாய் அசிங்கம் பண்ணுவது... இதெல்லாம் எங்கள் தலையில்.

நாங்கள் இருவரும் மனுக்குழு அலுவலகம். யாரும் மனு போடலாம். ஒவ்வொரு மனுவுக்கும் உறுப்பினர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதி, அடியில் என்ன செய்யலாம் என்று தெரிவுகளைப் போடுவது எங்கள் வேலை. அரசாங்கத்திடம் மேலும் விளக்கம் கேட்கலாம், அல்லது மனுவை மூடலாம்.

தேவன் அண்ணை "மூடலாம்" என்பதை ஒருநாளும் முதலாவதாகப் போட்டதில்லை.

"பன்னிரண்டு மணிக்கு மேல இவங்க எல்லாருக்கும் ஒரே கட்சிதான் லா, சாப்பாட்டுக் கட்சி. மேல எது இருக்கோ அதுக்குத் தலையாட்டிட்டு எழுந்திருச்சிருவாங்க."

மலேசியாவின் ஈப்போவிலிருந்து சட்டம் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர். நான் அண்ணை என்று கூப்பிட்டால், "என்னமோ வெண்ணெய் கேக்கிற மாதிரி இருக்கு" என்பார்.

ஒரு அம்மா. வயது எண்பத்தாறு. கணவருக்கு மறதி நோய், பக்கத்தில் இடமில்லை என்று மூன்று பஸ் தள்ளி ஒரு இல்லத்தில் போட்டுவிட்டார்கள்.

மனுவில் ஒரே வசனம். புருஷன் பெண்சாதியை ஒரு பஸ் தூரத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

குழுவின் முன் வந்தார், கோட்டைக் கழற்றவேயில்லை. "உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி" என்று ஒரு உறுப்பினர் குழைந்தார். "முடிந்தால்தானே அனுபவம்? நாளைக்கும் மூன்று பஸ் ஏற வேண்டும்" என்றார் அந்த அம்மா.

தேவன் அண்ணை அவரையே பார்த்தபடி ஊற்றிய தண்ணீர் கிளாஸ் நிறைந்து மேசையெல்லாம் ஓடியது. அதன்பிறகு அந்த மனுவை அவர் இரண்டு வருடம் திறந்தே வைத்திருந்தார். அமைச்சருக்கு மேல் அமைச்சராகக் கடிதம்.

பிறகு தேவன் அண்ணைக்கு ஆப்பரேஷன், ஆறு கிழமை லீவு, ஒன்றரை மாதம். மனேஜர் என்னிடம் வந்து, பட்டியல் நீளம், ஏதாவது குறையுங்கள் என்றார்.

எதை என்று சொல்லவில்லை. தெரிந்தெடுத்தது நான்.

அந்த அம்மாவின் ஃபைல்தான் ஆகத் தடிப்பு. திறந்து வைத்திருப்பதென்றால் இன்னும் மூன்று கடிதம் எழுத வேண்டும், மூடுவதென்றால் ஒரு பந்தி போதும். எனக்கோ லண்டனில் மச்சாளின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு, ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"மூடலாம்" என்பதை மேலே போட்டேன். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை... ஏழு தலையும் ஆடின.

கடிதம் என் கையெழுத்தில் போனது. அந்த அம்மா போன் எடுத்து, திரும்பவும் போடலாமா என்று கேட்டார். ஒரு வருடம் கழித்துப் போடலாம் என்றேன். எண்பத்தெட்டு வயது மனுஷியிடம். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

லீவு முடிந்து வந்த தேவன் அண்ணை கோட்டோடு நின்றபடியே குறிப்பை வாசித்தார்.

"யாரு மாத்தினது?"

"மனேஜர்தான் சொன்னவர், அண்ணை."

"இந்த மனுவையா?"

"ஓம். நான் என்ன செய்ய ஏலும்?"

"சரி லா. நீ என்ன பண்ணுவ, பாவம்."

நேரே மனேஜரின் அறைக்குப் போனார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று மட்டும்தான்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டார். "அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்" என்றேன். எட்டு வருடப் பாராளுமன்ற வேலையில் நான் திறமாகப் பழகிய வசனம் அது.

அடுத்த மாதம் தேவன் அண்ணையை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கழுத்தில் அட்டை மாட்டிவிடும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான். ஜன்னலோரத்தில் இருந்த அவருடைய மேசை எனக்கு வந்தது, வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

போன வருடம் ஹவுன்ஸ்லோவில் போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. தங்கச்சி வடை சுட்டு வைத்தார்.

"அந்தம்மா கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கணும் தம்பி. நம்ம ஆபீஸ் பண்ண தப்பு."

நம்ம என்றார். கூரைக்கு மேலே ஒரு பிளேன் இறங்கியது. அதன் சத்தம் அடங்கிய பிறகு, "ஓம் அண்ணை" என்று சொல்லி இரண்டாவது வடையை எடுத்தேன்.

சனிக்கிழமை இறுதிக் கிரியை. என்னை நாலு வார்த்தை பேசட்டாம். "அண்ணனுக்கு ஆபீஸ்லயே உங்க மேலதான் நம்பிக்கை" என்று தங்கச்சி போனில் அழுகிறார்.

அங்கே மைக்கைப் பிடித்து என்ன சொல்வேனோ தெரியாது. என்னை எனக்குத் தெரியும், ஒரு ஜோக் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

மனேஜர் சொல்லவில்லை, அண்ணை. நான்தான் மூடினேன்.

போயிட்டு வாங்கோ.