சிவப்பு போனாலும் சுருள் போகவில்லை

1. வெள்ளையில் விழுந்தேன்

புத்தளத்தில் வானிலை அலுவலகத்தில் செய்மதிப் படம் பார்க்கச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு மூக்குடைபட்டது. உருண்டையாய், பளிச்சென்று ஒரு மேகம். அதன் நடுவைத்தான் புயலின் மையம் என்று எடுத்துக்கொண்டு பெரிய டி-நம்பர் ஒன்றைப் போட்டுவிட்டேன். மேகம் கிடக்கும் அமைப்பைப் பார்த்துப் புயலின் பலத்துக்கு நாங்கள் போடும் புள்ளிதான் டி-நம்பர். எங்கள் பொறுப்பதிகாரி, நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுபவர், யாழ்ப்பாணத்தவர். படத்தை ஒரு தரம்தான் பார்த்தார்.

"பிள்ளை, மேகம் இஞ்ச கிடக்கு. மையம் அங்கால வெறுமையாக் கிடக்கு. வெள்ளையைக் கண்டவுடன மயங்கிறதே?"

அழுகை வந்தது. அழவில்லை.

2. ஜும்ஆவுக்கு முன்

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்துறை மீன்படகுகள், எங்கள் பேச்சில் போட்டுகள், காலையில் இறங்குவதில்லை. ஜும்ஆ தொழுதுவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள். அப்படியொரு வெள்ளி, கடலில் ஒரு புயல் இருந்த நேரம், பதினொரு மணிக்கு நவ்பர் நானா ஃபோனில் கோல் எடுத்தார். ஒன்பது போட்டுக்குச் சொந்தக்காரர்.

"மிஸ், ஃபோன்ல பாத்தேன். விடியக்கொள்ள பெரிய சிவப்பு இரிந்திச்சு, இப்ப கொஞ்சம்தான் இரிக்கி. புயல் செத்துப் போச்சுதானே? தொழுதிட்டு எல்லாரும் எறங்கப் போறம்."

இந்த ஃபோன் படங்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்பு என்பது உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் மேகம். பகல் ஏற ஏற அது சுருங்குவது வழக்கம். அதற்காகப் புயல் சுருங்கியதாக அர்த்தமில்லை.

"அரை மணித்தியாலம் தாங்க நானா. அதுக்குள்ள ஒருத்தரும் எறங்க வேணாம்."

சூரிய வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திறந்தேன். மேகப் பட்டி மையத்தைச் சுற்றி வளைந்திருந்தது. சுருள்கோடு வரைந்த பிளாஸ்டிக் தாளைத் திரையில் வைத்து அளந்தேன். பட்டி வட்டத்தில் பத்தில் ஆறு பங்கைச் சுற்றியிருந்தது; அதற்குப் புள்ளி மூன்று. மறுபடி வைத்தேன். அதே ஆறு. நேற்று இரண்டாயிருந்த டி-நம்பர் இன்று மூன்று!

"ரெண்டு போடும் பிள்ளை," என்றார் சேர். "சிவப்பெல்லாம் குறைஞ்சிட்டுது. பிழைச்சா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சேர். நிறத்தக் கண்டு மயங்க வேணாமெண்டு நீங்கதானே ஏசினீங்க? தாள நீங்களே வச்சுப் பாருங்க."

வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "ஓம், மூண்டுதான்," என்று எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

நவ்பர் நானாவுக்குச் சொன்னேன். "இண்டைய பொழப்பு கெட்டுப் போச்சே மிஸ்!" என்று புறுபுறுத்தார். ஆனாலும் ஜும்ஆ முடிந்த கையோடு, பள்ளி வாசலில் நின்று எல்லோரையும் மறித்துவிட்டார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குக் காற்று வந்தது. கரையிலிருந்த மீனவர் குடிசைகளின், வாடிகளின், தகரம் பறந்தது, கடல் ரோட்டு வரைக்கும் ஏறியது. ஒன்பது போட்டும் தென்னைகளில் கட்டிக் கிடந்தன. கடலில் ஒரு மனிதரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! நான் கதிரையை விட்டெழும்பி, சேருக்கு முன்னால் வெட்கமில்லாமல் கைதட்டினேன். அவரும் தட்டினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணுக்குப் பட்டதைக் கையால் அளந்து பாருங்கள். சரியாக அளந்தபின் யார் முறைத்தாலும் நம்பரை மாற்றாதீர்கள்.

திங்கட்கிழமை நவ்பர் நானா பெரிய அறக்குளா மீனோடு அலுவலகத்துக்கு வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை, நேரே சேரிடம் போனார்.

"சேர், இந்த மிஸ்ஸுக்கு டிரான்ஸ்பர் குடுத்தீங்களோ, ஒன்பது போட்டையும் இழுத்துக்கொண்டு வந்து உங்கட ஒபிஸ் வாசல்ல போட்டிருவன்!"