பிரசாதம் குடித்த தொட்டிகள்

பீங்கான் தொழிற்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின், விருத்தாசலத்தில் சில கட்டடங்களின் உட்புறச் செடிகளைப் பராமரிக்கும் வேலையை ஏற்றேன். விடியலில் நீராடி, திருநீறு பூசி, பதிகங்களை ஓதி முடித்த பிறகே தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு புறப்படுவேன். ஈரத்துணியால் இலைகளைத் துடைக்கும்போதும் வாய் ஏதேனும் ஒரு தேவாரப் பாடலை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எனக்கு அதுவும் ஒரு திருத்தொண்டு. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, ஒரு தனியார் மருத்துவமனையின் மேலாளர், "நீங்க கை வச்சதுலேர்ந்து செடிங்கதான் சாவுது ஐயா" என்றார். அந்தச் சொல்லின் சூடு இன்னும் தணியவில்லை.

அறுவை அரங்குக்கு வெளியே, உறவினர்கள் காத்திருக்கும் கூடத்தில் இருந்தவை அரிக்கா பனைகளும் பீஸ் லில்லிகளும். அதே செடிகள் மற்ற கட்டடங்களில் என் கைப்பட்டுத் தழைத்திருந்தன. இங்கேயோ இலைகள் மஞ்சளாகித் தண்டுகள் அடியோடு சாய்ந்தன. அளவாகத்தான் நீர்விட்டேன், வடிநீர்த் தட்டுகளையும் தவறாமல் காலிசெய்தேன். ஆயினும் மண் புளித்து நாறியது. சிறு பூச்சிகள் மொய்த்தன. ஒருநாள் மேல்மண்ணைக் கிளறிப் பார்த்தேன். திருநீறு அடை அடையாக இறுகிக் கிடந்தது. அதன் கீழே குங்குமம், அழுகிய மல்லிகைச் சரம், பிழிந்த எலுமிச்சை, திரிந்த பால்.

எனக்கு விளங்கிவிட்டது. நோயாளிக்காகக் கோயிலிலிருந்து அபிடேகப் பால் கொண்டுவருகிறார்கள். மாதா கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் வருகிறது. மங்கலம்பேட்டைப் பள்ளிவாசலிலிருந்து ஓதி ஊதிய தண்ணீர் பாட்டிலில் வருகிறது. மிஞ்சியதைக் கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது. ஆகவே எல்லாம் என் தொட்டிக்குள்!

மேலாளரிடம் காட்டினேன். தொட்டிகளில் எதையும் ஊற்றாதீர்கள் என்று ஓர் அறிவிப்பு எழுதி வைக்கக் கேட்டேன்.

"சாமி விசயம் ஐயா. போர்டு வச்சா எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டுடுவான். பேசாம பிளாஸ்டிக் செடி வச்சிடுறோம். திங்கக்கெழம வந்துடும்."

உயிருள்ளதைக் காப்பதற்கு ஒரு பலகை எழுத அஞ்சுகிறவர், உயிரற்றதை வாங்க அஞ்சவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையும் களவுமாக ஒருவரைப் பிடித்துக் காட்டினாலாவது மனம் மாறுவார் என எண்ணி, அந்த வெள்ளிக்கிழமை கூடத்திலேயே காவல் இருந்தேன்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கணவரின் அறுவை சிகிச்சைக்காக வந்திருந்த பெண்மணி ஒருவர், தூக்குவாளியில் பாலுடன் பனைத்தொட்டியை நோக்கிக் குனிந்தார்.

"நிறுத்தும்மா!" என்றேன்.

"என்னாங்கய்யா இப்படிக் கத்துறீங்க? நெத்தி நெறய பட்டை போட்டுக்கிட்டு, சாமி பாலப் போயித் தடுக்குறீங்களே!"

"வேரு அழுகிப் போவுதும்மா. பிரசாதத்தக் குடிக்காம கொட்டுறது எந்த ஊரு பக்தி?"

"யாரு குடிக்கிறது? அவருக்குன்னு வாங்கியாந்தேன். ஆபரேசன் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி கூடாதுன்னுட்டாங்க. இப்பத் திரிஞ்சி போச்சி. கக்கூசுல ஊத்தட்டுமா? ரோட்டுல ஊத்தி நாலு பேரு மிதிக்கட்டுமா? நீங்களே ஒரு எடம் காட்டுங்க, ஊத்துறேன்."

எதிர் நாற்காலியில் இருந்த மங்கலம்பேட்டைப் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஐயா என்னயும் சேத்துத் திட்டிடுங்க. நேத்து ஓதுன தண்ணிய நானும் இதுலதான் ஊத்துனேன். வேற மண்ணு எங்க இருக்குது இங்க?"

கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், படி டைல்ஸ். வாசலிலும் மதில்வரை டைல்ஸ். களிமண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊரில், ஒரு கைப்பிடி ஈரமண்ணுக்கு இடம் விடாமல் ஒரு கட்டடத்தைக் கட்டியிருக்கிறார்கள். நோயும் அச்சமுமாக வருகிறவர்கள் தங்கள் வேண்டுதலின் மிச்சத்தை எங்கே சேர்ப்பார்கள் என்று, வரைபடம் போட்டவருக்கும் தோன்றவில்லை, பணம் போட்டவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாள் மீதிருந்த என் சினம் முழுவதும் அந்தப் பளபளப்பின் மேல் திரும்பியது. தூக்கை வாங்கிக்கொண்டுபோய், சாலைக்கு அப்பால் நின்ற வேம்பின் அடியில் ஊற்றிவிட்டு, நேரே மேலாளரிடம் சென்றேன்.

"வாசல் ஓரமா மூணடிக்கு டைல்ஸப் பேத்து மண்ணத் தெறந்து விடுங்க. நந்தியாவட்டை ஒண்ணு நட்டுத் தரேன். எல்லாரும் அங்க ஊத்தட்டும். தெறந்த நெலம் தாங்கிக்கும், தொட்டி தாங்காது."

அவர் சிரித்தார். "இந்த ஊர்லயே டைல்ஸ ஒடைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான் ஐயா! பிளாஸ்டிக் வந்துட்டா எவன் அதுல ஊத்தப் போறான்?"

திங்களன்று பிளாஸ்டிக் வந்தது. செடிகளை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வெயிலில் எறிந்திருந்தார்கள், வேரோடு. உயிர் ஒட்டியிருந்தவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பீஸ் லில்லி மட்டும் பிழைத்தது.

அங்கே விட்டுவந்த என் தெளிப்பானை எடுப்பதற்காகச் சில நாள் கழித்து அங்கே போனேன். பிளாஸ்டிக் இலைகளின் மேல் திருநீறு படிந்திருந்தது. தொட்டிக்குள் பரப்பியிருந்த கூழாங்கற்களிடையே பால் கட்டிக்கட்டியாக நின்றது. உறிஞ்ச மண்ணில்லை, வடியத் துளையில்லை. கூடம் முழுவதும் நாற்றம். மேலாளர் மூக்கில் கைக்குட்டையுடன் ஓடிவந்தார்.

"ஐயா, வந்ததே வந்தீங்க, இதக் கொஞ்சம் கழுவி விட்டுடுறீங்களா?"

"வாசல்ல மண்ணு தெறந்தாச்சா?"

"அது... ஓனருகிட்ட இன்னும் கேக்கலீங்க."

"அப்ப நாறட்டும்" என்று சொல்லி, தெளிப்பானை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.