செல்வி பழக்கின பேச்சு

ஈரச்சாக்கு, கொழுந்துச் சாறு, கொஞ்சம் அடுப்புப் புகை... இந்த மூன்றும் சேர்ந்த வாசனை எங்காவது வந்தால் இப்போதும் திரும்பிப் பார்ப்பேன். செல்வியின் அம்மாவுடைய படங்கின் வாசனை அது. கொழுந்து பறிக்கும்போது சேலை நனையாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்தச் சாக்கு.

ஏழாம் வகுப்பில், செல்வி கொண்டுவந்து தந்த அதைக் கட்டிக்கொண்டு நான் மேடை ஏறினேன்.

அப்பா பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் நாங்கள். என் கூட்டாளி செல்வி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பதுளையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள்.

பள்ளிக்கூட நாடகத்தில் டீச்சர் என்ன நினைத்தாரோ... கொழுந்து பறிக்கும் பெண் வேஷத்தை எனக்கும், யாழ்ப்பாணத்து டொக்டரின் மனைவி வேஷத்தை அவளுக்கும் கொடுத்துவிட்டார். தலைகீழ்!

பிறகென்ன, இன்டர்வல் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவர் பேச்சை மற்றவருக்குப் பழக்கும் ட்ரெய்னிங்தான்.

"வாயில முட்டாய அதக்கிக்கிட்டு பேசாதடி. நல்லா இழுத்துச் சொல்லு... என்னாங்க, எங்குட்டு போறீங்க?"

"நீ மட்டும் என்னவாம்? கதைக்கச் சொன்னா பாட்டெல்லோ படிக்கிறாய்!"

இரண்டு வாரத்தில் அவள் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சோறு போடவா என்று கேட்ட அம்மாவிடம் "ஆமாங்க" என்றுவிட்டேன். அப்பா பேப்பரை இறக்கினார்.

"என்ன பிள்ளை உது? வீட்டுக்குள்ள நாடகம் வேண்டாம்."

நாடகத்தன்று பள்ளிக்கூட ஹோலே சிரித்தது. எதற்குச் சிரித்தார்கள்? நான் சரியாகப் பேசியதற்கா, பிழையாகப் பேசியதற்கா? சத்தியமாக இன்றுவரை தெரியாது.

இறங்கியதும் ஓர் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த செல்வியின் அம்மா. அதற்கு முன் நாங்கள் சந்தித்ததில்லை.

"இந்தா புள்ள, இங்க வா. என் மவ பேசுனது ஒரு எழவும் வெளங்கல. நீதான் நம்ம புள்ளையாட்டம் பேசுன! எந்தத் தோட்டம் நீ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் தானாகவே, "பண்டாரவள பக்கமுங்க" என்றது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் ஹோல் ஓரத்தில் விரித்திருந்த பாயில் என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். டப்பாவைத் திறந்து ரொட்டியில் சம்பல் வைத்துக் கையில் தந்தார். அவிழ்ந்து தொங்கிய என் பின்னலைத் திரும்பப் பின்னத் தொடங்கினார்.

"நல்லா சாப்புடு. எலும்புந் தோலுமா இருக்க. ஒங்க அம்மாவும் மலைக்குக் கொழுந்து பறிக்கத்தான் போகுதா?"

"ஆமாங்க."

பொய்தான். ஆனால் எனக்கு அந்த இடத்தை விட்டு எழும்ப மனமில்லை. அந்த நேரம் நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை. அப்படியே இருந்துவிட வேண்டும்போல் இருந்தது.

"பிள்ளை! இஞ்ச வா, நேரம் போகுது!" வாசலில் அப்பா. வெள்ளைச் சேட் போட்டு, கையில் குடை.

"வாறன் அப்பா" என்றேன்.

தலையில் இருந்த கை நின்றது. அவர் அவசரமாக எழும்பிச் சேலையைச் சரிசெய்தார்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. தெரியாம கீழ ஒக்கார வச்சிட்டேன். பாப்பா, நீங்க எந்திரிங்க."

ஒரு கதிரையை இழுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டார். என் கையில் இருந்த பாதி ரொட்டியையும் மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் நீங்க சாப்புட மாட்டீங்க."

எனக்கு அது வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. எந்தப் பேச்சில் சொல்வது? அவருடைய பேச்சில் கேட்டால் நடிப்பு. என்னுடையதில் கேட்டால் துரைவீட்டு அதிகாரம் மாதிரி. பாதிப் பின்னலோடு அப்பாவின் பின்னால் போனேன். இரண்டு நாளைக்கு அம்மாவைத் தலை சீவ விடவில்லை.

இப்போது செல்வி பண்டாரவளையில் டீச்சர். போனில் அவள் என் பேச்சில் கதைப்பாள், நான் அவள் பேச்சில் பேசுவேன். யார் யாரைப் பகிடி பண்ணுகிறோம் என்று இருவருக்குமே குழப்பம்.

போன மாதம் அவளோடு மடுல்சீமைக்குப் போனேன். அவள் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, நடக்க ஏலாது. ஆனாலும் என்னைக் கண்டதும் கதிரையைத்தான் இழுத்துப் போட்டார். சோசர் வைத்த கோப்பையில் தேத்தண்ணி, தட்டில் கடை பிஸ்கட்.

அடுப்பில் ரொட்டி வாசனை வந்தது. இத்தனை வருஷம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவருடைய பேச்சிலேயே கேட்டேன்.

"அம்மா, எனக்கும் ஒரு ரொட்டி தாங்களேன்..."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். செல்வியின் தோளில் தட்டினார்.

"பாத்தியாடி, இன்னமும் அந்த நாடகத்துல பேசுன மாதிரியே பேசுறாங்க!"

சிரித்துக்கொண்டே பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.