இசைத்தட்டில் கத்திய பெண்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். கோடு போட்ட தாளிலும் என் எழுத்து ஏறி இறங்கும். எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பதில் இன்றும் சந்தேகம்தான். ஆனால் காது விஷயத்தில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கனடாவில், ஸ்காபரோவில் பழைய சாமான் விற்கும் கடையொன்றின் பின்னறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஆட்கள் கொண்டுவந்து தரும் மின்சாரச் சாமான்களை இயக்கிப் பார்த்து, வேலை செய்பவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இசைத்தட்டுப் பெட்டிகளைச் சோதிப்பதற்கென்று ஒரு சின்ன இசைத்தட்டு வைத்திருக்கிறேன். அதன் நடுவில் ஒட்டியிருந்த கடதாசி எப்போதோ கிழிந்துவிட்டது. பாடியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ரொக் அண்ட் ரோல் தொடங்கிய காலத்துப் பாட்டு என்று கடைக்கு வரும் வயதானவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பாட்டில் எதுவும் ஒழுங்காக இல்லை. மேளம், வெறும் சூட்கேசில் தட்டுவதுபோல இருக்கும். பியானோவில் ஒரு கட்டை சுருதி விலகியது. வாசிப்பவர் அதைத்தான் தேடித் தேடி அடிப்பார். பாடுபவர் சிரிப்பு வந்து ஒரு வரியைப் பாதியில் விட்டுவிடுவார். பின்னால் ஏழெட்டுப் பேர் கை தட்டுவார்கள். அதில் ஒருவர் எப்போதும் மயிரிழை பிந்தித்தான் தட்டுவார். சக்ஸபோன் தொடங்குவதற்குச் சற்று முன், சுவரோரமாக நின்ற ஒரு பெண் “ஏஏய்!” என்று கத்துவாள்.

எல்லோரும் ஒரே அறையில், ஒரே மைக்கின் முன்னால், ஒரே தடவையில் பாடி முடித்த பாட்டு அது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிட்ட நின்றவரின் கைதட்டும் எட்ட நின்றவரின் கைதட்டும் வேறுவேறாகக் கேட்கும். பிழை விட்டவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

நானோ கூச்சக்காரன். கொண்டாட்டங்களில் வாசலுக்குக் கிட்டவுள்ள மேசையில்தான் இருப்பேன். சாப்பிட்டு முடிந்ததும் காரைச் சூடாக்கப் போகிறேன் என்று எழும்பிவிடுவேன், கோடையிலும்.

மகளுக்குக் கல்யாணம் முற்றாகி, நாளும் குறித்தாயிற்று. ரிசெப்ஷனில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

“அப்பா, மூண்டு நிமிசம்தான். சும்மா நிண்டு அசைஞ்சாலே காணும்.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

“ஓகே அப்பா, இட்ஸ் ஃபைன். நான் மாமாவைக் கேக்கிறன்.”

மாமா என்றால் என் மனைவியின் தம்பி. எந்தக் கொண்டாட்டத்திலும் முதலில் ஆட எழும்புகிறவர். மகள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபிக்கவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“ஆடுறன். ஆனா பாட்டு என்ரை பாட்டு.”

டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில், சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, காலில் சொக்ஸோடு ஆடிப் பழகினோம். இரண்டு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும். எனக்கு எண்ணி ஆடத் தெரியாது. அந்தப் பெண்ணின் கத்தல்தான் எனக்கு அடையாளம். அவள் கத்தினால் நான் கையை உயர்த்துவேன். மகள் அதன் கீழே ஒரு சுற்றுச் சுற்றுவாள். குசினியில் சமைத்துக்கொண்டே மனைவி சொல்லுவா:

“இஞ்சேருங்கோ, அந்த மனிசிக்கு ஆராவது தண்ணி குடுங்கோ. கிழமைக்குக் கிழமை கத்துறா, பாவம்.”

பாட்டைத் தட்டிலிருந்து போனில் பதிந்து, ஒரு கிழமைக்கு முன்னரே டீஜேயிடம் கொடுத்தேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். பாட்டுத் தொடங்கியது. மூன்றாவது அடியிலேயே ஏதோ பிழை என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஊசியின் இரைச்சல் இல்லை. கைதட்டும் இல்லை. பாடுபவர் ஆளில்லாத அறையில் தனியாக நின்று சிரித்தார்.

டீஜே பெடியன் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினான். பிறகு கேட்டபோது பெருமையோடு சொன்னான்: “அங்கிள், உங்கடை ரெக்கோடிங்கிலை சரியான நொய்ஸ். எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டன்.” அவனுக்கு அந்த மனிதர்கள் எல்லோரும் நொய்ஸ்.

கால்கள் பழக்கத்தில் ஆடின. தலை வெறுமையாகிவிட்டது. சக்ஸபோன் வரும் இடம் நெருங்கியது. கத்தல் வராவிட்டால் என் கை எழும்பாது.

“அப்பா, இப்பவோ?”

“தெரியேல்லை பிள்ளை.”

என் கண் வாசலைத் தேடியது. காரைச் சூடாக்கலாம் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

“ஏஏய்!”

முன்மேசையில் என் மனைவி பட்டுச்சேலையோடு எழும்பி நின்றா. வாயின் ஓரத்தில் கையைக் குவித்திருந்தா. ஒரு நொடி முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. இரண்டு மாதம் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டவ அல்லவா! என் கை தானாக உயர்ந்தது. மகள் சுற்றினாள்.

அதன்பின் மேசைக்கு மேசை கத்தினார்கள். கை தட்டினார்கள். கிட்ட இருந்தவர்களின் கைதட்டு பெரிதாக, வாசலோரத்தில் இருந்தவர்களின் கைதட்டு சிறிதாக, அந்த இசைத்தட்டில் கேட்பதுபோலவே கேட்டது. ஒருவர் மட்டும் மயிரிழை பிந்தித் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். மகள் கேட்கவிருந்த அந்த மாமா.

பாட்டு முடிந்ததும் நான் வெளியே போகவில்லை. டீஜேயிடம் நடந்துபோய், என் போனை நீட்டி, “தம்பி, இப்ப இதைப் போடும். ஒண்டையும் துடைக்காதையும்” என்றேன். இரண்டாம் தடவை பாதி மண்டபம் எங்களோடு ஆடியது.

“தொண்டை நோகுது, இனி நீங்களே கத்துங்கோ” என்றா மனைவி.

போன கிழமை கல்யாண வீடியோ வந்தது. நாங்கள் ஆடுகிறோம், அதற்குமேல் ஏதோ ஒரு மெல்லிய சினிமாப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். மனைவி வாயைத் திறக்கிறா, சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் எந்த இடத்தில் வந்தது என்று தெரிந்தவன் நான். அதனால் எழுதி வைக்கிறேன்.

2025 கார்த்திகை 16, ஞாயிற்றுக்கிழமை.