சம்பந்திகள் கொடுத்த சத்தியம்

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று எப்போதும் தொங்கும். வெளுத்து, ஒரு பக்கத்து வார் அறுந்து, இனி யாரையும் மிதக்கவைக்க லாயக்கில்லாதது. வருகிறவர்கள் எல்லாம் அடுப்புக்கு மேலே இது எதற்கு என்று கேட்பார்கள். நானும் சலிக்காமல் கதையைச் சொல்வேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் அந்தமானில் வண்டூரில் குடியிருந்தோம். பவழம் பார்க்கப் போகும் சுற்றுலாப் படகில் அப்பா டிரைவர். அப்பாவைப் பெற்றவர் கச்சால் தாத்தா. இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, பிறகு கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடிவந்தவர். அம்மாவைப் பெற்றவர் மெயின்லேண்ட் தாத்தா; கடலுக்கு அந்தப்பக்கத்து இந்தியாவை நாங்கள் மெயின்லேண்ட் என்றுதான் சொல்வோம். கும்பகோணத்துக்காரர், காபியைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். ஒரு விடுமுறைக்கு இருவரும் கப்பலேறி வந்தார்கள். கச்சால் தாத்தா தன் கையால் போட்டுக் கொடுத்த பால் விடாத தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "துணி அலசின தண்ணி மாதிரி இருக்கே" என்று மெயின்லேண்ட் தாத்தா சொல்லிவிட்டார். "தேயிலைக்குள்ளயே பொறந்தவனுக்கு நீங்க டீ சொல்லித் தாறீங்களா?" என்று இவர் எகிற, அவர் அடுத்த கப்பலுக்கே மூட்டை கட்டிவிட்டார். அம்மா துறைமுகத்திலிருந்து வீடுவரை அழுதுகொண்டே வந்தாள்.

அவரை மறுபடி வரவழைக்க அம்மாவுக்குப் பல வருடங்கள் பிடித்தன. இந்த முறையும் கெட்டுப்போனால் அவர் இனி வாசல் மிதிக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். இருவரையும் தன் படகில் அழைத்துப்போவதென்று அப்பா முடிவு செய்து, முந்தின நாளே இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து மாட்டி அளவு பார்த்தார். கச்சால் தாத்தாவைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "அவரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்கப்பா" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது இரண்டு பாய்களும் காலி. மெயின்லேண்ட் தாத்தாவின் பையையும் காணோம். "போயிட்டாருங்க" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா பல்கூடத் துலக்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட, நான் பின்னாலேயே ஓடினேன். வழியில் வலை உலர்த்திக்கொண்டிருந்த வங்காளி மீனவர், "தோனோ தாதா உதர் பைட்டா ஹை", இரண்டு தாத்தாவும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சிரித்தபடி படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே இருவரும் லைஃப் ஜாக்கெட்டை இறுகக் கட்டிக்கொண்டு, நடுவில் பிளாஸ்க்கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். படகு கிளம்ப இன்னும் நெடுநேரம் இருந்தது. எங்கள் தீவில் ஐந்து மணிக்கே வெயில் ஏறிவிடும். மெயின்லேண்ட் தாத்தா அந்த வெளிச்சத்தைப் பார்த்து எட்டு மணி என்று தீர்மானித்து, சுவர்க் கடிகாரம் நின்றுபோனதாகவும், மாப்பிள்ளை முன்னாலேயே படகுக்குப் போயிருப்பார் என்றும் சொல்லி, துண்டும் மாற்றுவேட்டியும் வைத்த பையோடு புறப்பட்டிருக்கிறார். கச்சால் தாத்தா "சரிங்க சம்பந்தி" என்று கூடவே வந்துவிட்டார்.

"உங்களுக்குத்தான் இந்த ஊரு வெயில் தெரியுமேப்பா" என்றார் அப்பா.

"நீதானே சரின்னு சொல்லச் சொன்ன."

மெயின்லேண்ட் தாத்தா நிமிர்ந்தார். "ஓகோ, உங்ககிட்டயுமா? டீ குடுத்தா மூச்சுவிடாம குடிக்கணும்னு என் பொண்ணு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. இது மூணாவது டம்ளர்." கொஞ்சம் யோசித்து, "நிஜமாவே நல்லாத்தான் இருக்குன்னா நம்புவீங்களா?" என்றார்.

"நம்ப மாட்டேன். நாலாவது ஊத்தட்டுமா?"

அப்பா படகுத்துறையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அதன்பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அன்று அவர்கள் கட்டியிருந்த ஜாக்கெட்டுகளில் ஒன்றுதான் என் சமையலறை ஆணியில் தொங்குவது.

இப்போது அப்பாவே தாத்தாவாகிவிட்டார். பேரனோடு விடுமுறையைக் கழிக்க என் போர்ட் பிளேயர் வீட்டுக்கு வந்திருக்கிறார். மதுரையிலிருந்து என் மாமனாரும் வந்திருக்கிறார். போன தடவை மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று ஆரம்பித்து, இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்தவர்கள்.

இன்று காலை பார்த்தால் இரண்டு கட்டில்களும் காலி. என் கணவர் பதறிப்போய்ச் செருப்பைத் தேடினார்.

"நேத்து உங்கப்பாகிட்ட என்ன சத்தியம் வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். "உனக்கு எப்படித் தெரியும்?"

நானும் என் அப்பாவிடம் ஒன்று வாங்கியிருந்தேன். நேராகச் சமையலறைக்குப் போனேன். ஆணி காலியாக இருந்தது. அலமாரியைத் திறந்தேன். பிளாஸ்க்கும் இல்லை. அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.