பச்சை உடம்பும் ஊட்டி ஹீட்டரும்

காரைக்குடியில் ஹீட்டரா என்று கேட்பீர்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி, அடைமழை ஒரு வாரம் விடவில்லை. என் மகள் பிறந்து பதினோரு நாள். மனைவிக்குத் தாய் இல்லாததால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். "பச்சை உடம்பு, காத்துப் படக் கூடாது" என்று தெருவே சொன்னது. நானும் ஜன்னலைச் சாத்தி, பழைய வேட்டியைக் கிழித்து இடுக்கெல்லாம் அடைத்தேன்.

ஊட்டியில் வேலை பார்த்த மச்சினன் குழந்தையைப் பார்க்க வந்தபோது, சின்ன சிலிண்டரோடு ஒரு கேஸ் ஹீட்டரைக் கொண்டுவந்தான். "அத்தான், ஜன்னலைத் திறந்து வைக்காம மட்டும் பத்த வச்சிராதீக" என்றான். "கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கே பாடமா?" என்று கிண்டல் செய்து அனுப்பினேன். காற்று குறைந்தால் நெருப்பு விஷவாயுவைக் கக்கும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். அந்த வாயு வகுப்பறையில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய்.

மறுநாள் காலை ஹீட்டரைப் பற்றவைத்து, அறைக் கதவையும் சாத்திவிட்டு, கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன். எட்டு மணிக்குக் காபி கொண்டுபோனபோது மனைவி, "தலை கிறுகிறுன்னு வருதுங்க, கதவக் கொஞ்சம் திறந்து வைங்களேன்" என்றாள். "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், பேசாமப் படு" என்று அதட்டிவிட்டு வந்தேன். அதட்டினேன் என்று எழுதவே கூசுகிறது.

ஒன்பது மணிக்கு, பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் தச்சர் வீட்டு அக்கா உள்ளே போனார். போன வேகத்தில் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி வாந்தி எடுத்துக் கிடந்தாள். குழந்தை துணியாகத் துவண்டிருந்தது, அழவில்லை. ஹீட்டரை அணைக்கக்கூட அக்காவுக்குத்தான் தோன்றியது. வேட்டித் துணியைப் பிடுங்கி எறிந்து ஜன்னலைத் திறந்தார். "காத்து அடிக்கும்க்கா" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

"அடிக்கட்டும். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? பிள்ளையத் தூக்கிட்டு வாசலுக்குப் போங்க" என்று விரட்டினார். சாரல் முகத்தில் பட்டபிறகுதான் குழந்தை முனகியது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் இருவரும் தேறிவிட்டார்கள். நடந்ததைக் கேட்ட டாக்டர் அம்மா, "விவரம் தெரியாதவங்கதான் இப்படிச் செய்வாங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"வாத்தியாருங்க."

"என்ன பாடம்?"

"தமிழ்" என்றேன்.

கட்டிலில் மகளை அணைத்துப் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. அன்றே வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.