வரி எண்ணுக்கு ஒரு புகைப்படம்

வரி என்றால் ஊரே காததூரம் ஓடும். அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தவளோ, என்னிடமும் வரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆறு வாரமாக வரி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

அவள் வேலை வெளிநாட்டு வீடுகளைச் சுத்தம் செய்வது. துடைப்பம் கிடையாது, கணினிதான். கடல் கடந்த ஒரு நிறுவனம், விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் பிடித்து அனுப்பும். இவள் சுவரின் ஈரக்கறையை அழிப்பாள், சோபாவில் கிடக்கும் காலுறையை எடுப்பாள், மழை வானத்தை நீலமாக்குவாள். ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. வீட்டு மின்கட்டணமும் இதிலிருந்துதான் போகிறது. ஆனாலும் வருவோர் போவோரிடமெல்லாம் அண்ணன் சொல்வது ஒன்றே ஒன்று: "தங்கச்சியா? வீட்டுல சும்மாதான் இருக்கா." ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பகலெல்லாம் அவள் அறைக் கட்டிலில்தான் படுப்பார். அங்கேதான் காற்று வருகிறதாம்.

ஆறு வாரத்துக்கு முன் அந்த நிறுவனம் எழுதியது: அடுத்த மாதக் கடைசிக்குள் வரி எண் வராவிட்டால் இனி வேலை இல்லை. விண்ணப்பத்தில் தொழில் பட்டியல் மட்டும் நாலு பக்கம். குதிரை வியாபாரம்கூட இருந்தது, இவள் தொழில் இல்லை. 'இதர' என்ற கட்டத்தில் போய் ஒண்டிக்கொண்டாள். தொழில் நடக்கும் இடத்தின் புகைப்படம் கேட்டார்கள். எடுத்து அனுப்பினாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் வரி அதிகாரி நேரில் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் அண்ணன்.

"இங்க ஏதோ தொழில் நடக்குதாமே?"

"தொழிலா? என் தங்கச்சி சும்மாதான் சார் இருக்கா," என்று அறையைக் காட்டிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் கட்டிலுக்குத் திரும்பினார்.

அதிகாரி கையிலிருந்த படத்தைப் பார்த்தார். வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, ஜன்னலில் நீல வானம். அறையைப் பார்த்தார். இஸ்திரிக்குக் காத்திருந்த துணிக்குவியல், கொடியில் ஈரத்துண்டு, கூரையில் தண்ணீர்க் கறை.

"இது வேற வீடும்மா. பொய்ப் படம் குடுத்தா விண்ணப்பம் தள்ளுபடி."

அனுப்பும்முன் அவளே அந்தப் படத்தைத் துடைத்திருந்தாள். ஏமாற்ற நினைத்துச் செய்ததல்ல, பழக்கதோஷம். எந்த அறைப் படத்தைக் கண்டாலும் கை தானாகத் துடைத்துவிடும்.

"இதே அறைதான் சார். இப்படித் துடைக்கிறதுதான் என் வேலையே. அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

அறையை அப்படியே செல்போனில் எடுத்துக் கணினியில் ஏற்றினாள். துணி போயிற்று. துண்டு போயிற்று. கூரை வெளுத்தது. பிறகு கட்டிலுக்கு வந்தாள். அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தபோது, திரையில் அவருடைய தலை மட்டும் தலையணையில் பாக்கி இருந்தது.

"ஏண்டி, என்னை எதுக்கு எடுக்கிற?"

"விக்கிற வீட்டுப் படத்துல சும்மா கிடக்கிறது எதுவும் இருக்கக் கூடாதுண்ணே. அதான் அந்தக் கம்பெனியோட மொத விதி."

அதிகாரி சிரிக்கவில்லை. அதற்கெல்லாம் தனிப் படி தருவதில்லை போலும். "துடைக்காத படத்தை அச்செடுத்துக் குடுங்க. கோப்புக்கு அதுதான் வேணும். வீட்டுச் சொந்தக்காரர் அடியில கையெழுத்து போடணும்."

அச்சில் எல்லாமே இருந்தன: துணி, துண்டு, கறை, கட்டிலில் வாய் பிளந்த அண்ணன். அடியில் அதிகாரி தன் கையால் எழுதினார்: 'மேற்கண்ட இடத்தில் விண்ணப்பதாரர் மட்டுமே வேலை செய்கிறார்.'

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தங்கையிடம் பேனா கேட்டார்.